ஓங்கிலோடு அரை மணி நேரம்

ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஹிப்போ என்ற சிற்றூரில், ஒரு டால்பின் சிறுவர்களோடு விளையாட வந்தது. இன்றைய துனீசியாவின் பிசெர்ட்டே நகரம்தான் அந்த ஊர். உரோமானியரான இளைய பிளினி தம் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் கதை முழுவதும் இருக்கிறது. ஊரையொட்டிய உப்பங்கழியில் யார் அதிக தூரம் போவது என்று சிறுவர்கள் நீச்சல் போட்டி போடுவார்கள். ஒரு நாள் எல்லோரையும் முந்திப் போன பையனை ஒரு டால்பின் முதுகில் ஏற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போய், பிறகு கரையருகே கொண்டுவந்து விட்டது. மறுநாளும் வந்தது. கூட்டம் கூடியது. மரியாதை செய்வதாக நினைத்து ஓர் அதிகாரி அதன்மேல் வாசனைத் தைலத்தை ஊற்றினார். பிடிக்காத டால்பின் கடலுக்குள் போய்விட்டது. பல நாள் கழித்துச் சோர்ந்துபோய்த் திரும்பி வந்து, தேறி, பழையபடி விளையாடியது. அதைப் பார்க்கப் பெரிய அதிகாரிகள் பரிவாரத்தோடு வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்குச் சோறு போட்டே சின்ன ஊரின் கஜானா கரைந்தது, அமைதியும் போயிற்று. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, யாருக்கும் தெரியாமல் அந்த டால்பினைக் கொன்றுவிட்டார்கள்.

டால்பினோடு நீந்துவதற்கு என்ன செலவாகும், அதை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கு நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பதில்களில் ஒன்று இது. இன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோவிலோ துபாயிலோ அந்தக் கேள்வி சீட்டு விலையாக நம் முன் வந்து நிற்கிறது. விடுமுறைக்குப் போகும் குடும்பம் ஆளுக்கு இவ்வளவு, நால்வருக்கு இவ்வளவு, டாலரை ரூபாயாக்கினால் இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தயங்குகிறது. அந்த அரை மணி நேரத்துக்கு இவ்வளவு கொடுக்கலாமா? பிள்ளைகளின் முகம் மலர்வதை வைத்து மட்டும் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. அந்தச் சீட்டுக்குப் பின்னால் உள்ள தொழில் எப்படி உருவானது என்று பார்த்தால்தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெளிவாகும். ஹிப்போவின் கதையில் அதற்கு ஒரு திறவுகோலும் இருக்கிறது. தைலம் பிடிக்காதபோது அந்த டால்பினால் விலகிப் போக முடிந்தது. போக முடிந்ததால்தான் அது திரும்பி வந்ததற்கு ஒரு பொருள் இருந்தது. இந்தத் தொழிலின் வரலாறு, அந்த விலகும் வழியை அடைத்துவிட்டு, அது அடைபடவே இல்லை என்ற தோற்றத்தை மேலும் மேலும் அதிக விலைக்கு விற்ற வரலாறு என்பதே என் வாதம்.

தொடக்கத்தில் தோற்றத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1861இல் நியூயார்க்கில் பி. டி. பார்னம் என்ற காட்சி வியாபாரி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பகுதியில் பிடித்த இரண்டு வெள்ளைத் திமிங்கிலங்களைத் தம் அருங்காட்சியகத் தொட்டியில் விட்டார். அவை சில நாளில் செத்தன. அவர் வேறு திமிங்கிலங்களை வரவழைத்தார். 1865இல் அந்தக் கட்டடம் தீப்பற்றி எரிந்தபோதும் உள்ளே திமிங்கிலங்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் மீன்காட்சியகத்துக்கு டால்பின்கள் வட கரோலினாவின் ஹாட்டராஸ் முனையிலிருந்து வந்தன. அங்கே அவற்றை எண்ணெய்க்கும் தோலுக்குமாக வலைபோட்டுப் பிடிக்கும் தொழில் இருந்தது. டால்பின் தாடையிலிருந்து எடுக்கும் நுண்ணிய எண்ணெய் கடிகாரங்களுக்குப் போடப் பயன்பட்டது. அன்று டால்பின் என்றால் மீனவருக்குப் போட்டி, வியாபாரிக்கு எண்ணெய். அதோடு நீந்துவதற்குக் காசு கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தால் ஹாட்டராஸ் கரையில் சிரித்திருப்பார்கள்.

அந்த எண்ணெய்ப் பிராணியைச் செல்லப் பிராணியாக்கிய இடம் ஃப்ளோரிடா. 1938 ஜூன் 23 அன்று செயின்ட் அகஸ்டீன் நகருக்குத் தெற்கே மரீன் ஸ்டுடியோஸ் திறக்கப்பட்டது. பெயரே சொல்வதுபோல அது முதலில் ஒரு படப்பிடிப்புத் தளம். நீருக்கடியில் படமெடுப்பதற்காகப் பெரிய தொட்டிகளைக் கட்டி, சுவரில் கண்ணாடிச் சன்னல்களை வைத்தார்கள். தொடங்கியவர்களில் கோடீஸ்வரர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் விட்னியும், எழுத்தாளர் டால்ஸ்டாயின் பேரன் இலியா டால்ஸ்டாயும் இருந்தார்கள். படமெடுக்க வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகமானார்கள். தொட்டியில் வாழும் டால்பின்கள் தாங்களாகவே பொருள்களைத் தூக்கிப் போட்டு விளையாடுவதைப் பணியாளர்கள் கவனித்தார்கள். போருக்குப் பிறகு அடால்ஃப் ஃப்ரோன் என்ற சர்க்கஸ் பயிற்சியாளரை அழைத்து, அந்த விளையாட்டை நேரம் குறித்து நடக்கும் வித்தையாக மாற்றினார்கள். டால்பின் செய்ததைக் கவனித்து, அதைக் கேட்டபோதெல்லாம் செய்ய வைத்து, ஒவ்வொரு முறைக்கும் ஒரு மீன் கொடுப்பது என்ற ஏற்பாடு இங்கேதான் வேரூன்றியது. இன்று நீச்சல் குளத்தில் டால்பின் கன்னத்தில் முத்தமிடுவதும், முதுகுத் துடுப்பைப் பிடிக்கக் கொடுத்து இழுத்துப் போவதும் அதே ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். பயிற்சியாளரின் இடுப்பில் தொங்கும் மீன் பைதான் அந்தப் பாசத்தின் மறுமுனை.

மரீன் ஸ்டுடியோஸைப் பழிப்பதோடு நிறுத்துவது நேர்மையாகாது. டால்பினைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி அந்தத் தொட்டிகளிலிருந்துதான் வந்தது. கலங்கிய இரவு நீரிலும் வலையின் கண்களை அறிந்து டால்பின்கள் விலகுவதைக் கவனித்து, அவை ஒலியால் வழி அறிகின்றன என்று முதலில் ஊகித்தவர் அதன் காப்பாளர் ஆர்தர் மெக்பிரைட். ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கே உரிய ஒரு சீழ்க்கை உண்டு என்று 1965இல் கால்டுவெல் தம்பதியர் வெளியிட்ட ஆய்வும் கூண்டு விலங்குகளைக் கேட்டு எழுதியதே. கண்ணை மூடிய டால்பின் தடைகளைத் தாண்டி நீந்துவதைக் காட்டி ஒலிவழி அறிதலை உறுதிப்படுத்திய கென்னத் நாரிஸின் சோதனையும் கலிஃபோர்னியாவின் ஒரு காட்சிக்கூடத்தில்தான் நடந்தது. எண்ணெய்ப் பீப்பாயாகப் பார்த்த கண்ணை மாற்றியது தொட்டிக் கண்ணாடி. ஆனால் அந்த ஆய்வுகள் சொன்னது என்ன? இது ஒலியால் உலகைப் பார்க்கும் விலங்கு, பெயர் சொல்லி அழைப்பதுபோல் தன் கூட்டத்தாரை அழைக்கும் விலங்கு என்பதுதான். தன்னை வளர்த்த சுவருக்கு எதிராகவே அந்த அறிவு சாட்சி சொன்னது.

அடுத்த திருப்பம் தொலைக்காட்சியால் வந்தது. 1963இல் வந்த ‘ஃப்ளிப்பர்’ திரைப்படமும், 1964 முதல் 1967 வரை ஓடிய அதே பெயர் தொடரும் ஒரு புதிய டால்பினை உருவாக்கின. பையன் கூப்பிட்டதும் ஓடி வரும், சொன்னது புரியும், ஆபத்தில் காப்பாற்றும், விரும்பினால் கடலுக்குப் போய்விட்டு மாலையில் வீட்டு வாசலுக்குத் திரும்பும். ஹிப்போவின் டால்பின் மறுபடி பிறந்ததுபோல இருந்தது. ஆனால் தொடரில் நடித்த டால்பின்கள் மயாமியின் காட்சிக்கூடத்தில் இருந்தவை. ஒரே ஆண் டால்பினாகத் திரையில் தெரிந்தது, பெரும்பாலும் பெண் டால்பின்கள் மாறி மாறி நடித்தது. அவற்றைப் பழக்கிய ரிக் ஓ’பாரி, 1970இல் கேத்தி என்ற டால்பின் தம் கண்முன் இறந்தபின் அந்தத் தொழிலை விட்டு வெளியேறி, வாழ்நாள் முழுக்க அதை எதிர்ப்பவரானார். பார்வையாளர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். திரையில் அந்தப் பையனுக்குக் கிடைத்தது தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அரங்கத்தில் உட்கார்ந்து கை தட்டுவது போதவில்லை. நீரில் இறங்க வேண்டும், தொட வேண்டும். நீச்சல் வியாபாரத்துக்கான பசி இங்கே பிறந்தது.

அந்தப் பசிக்கு முதலில் பதில் சொன்னது ஃப்ளோரிடா கீஸ் என்ற தீவு வரிசை. 1980களில் அங்கே மூன்று இடங்களும், ஹவாய்த் தீவின் ஓர் ஆடம்பர விடுதியும், அரசின் சோதனை அனுமதியோடு டால்பின் நீச்சலை நடத்தின. 1972இல் வந்த கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அரசுக்கு இதில் பொறுப்பு இருந்தது. அதனால் இந்த நான்கு இடங்களையும் ஆராயச் சொன்னார்கள். ஏமி சாமுவெல்ஸ், டிரெவர் ஸ்பிராட்லின் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமான ஒன்றைக் காட்டியது: பயிற்சியாளர் கட்டுப்பாடு இல்லாமல் டால்பினும் மனிதரும் கலந்து நீந்தும் இடங்களில் முரட்டு நடத்தை, பாலியல் நடத்தை, ஒதுங்கிப் பணிதல் போன்ற அபாயமான உறவாடல்கள் அதிகம், பயிற்சியாளர் ஒவ்வொரு அசைவையும் கட்டளையிடும் இடங்களில் குறைவு. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். டால்பின் தன் விருப்பப்படி நடந்தால் வாடிக்கையாளருக்கு ஆபத்து; ஆபத்தில்லாமல் இருக்க வேண்டுமென்றால் அது தன் விருப்பப்படி நடக்கக் கூடாது. விளம்பரத்தில் உள்ள சுதந்திரமான சந்திப்பும், காப்பீட்டுக்காரர் ஏற்கும் பாதுகாப்பான சந்திப்பும் ஒரே குளத்தில் நடக்க முடியாது என்பதே அந்த முடிவின் சாரம்.

1998 செப்டம்பரில் அமெரிக்க வேளாண் துறை டால்பின் நீச்சலுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு விலங்கை ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மனிதரோடு நீந்த வைக்கக் கூடாது என்றது ஒரு விதி. வாடிக்கையாளர் நுழையக் கூடாத ஒரு புகலிடத்தைக் குளத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும், டால்பின் விரும்பினால் அங்கே போய்விட வழி திறந்திருக்க வேண்டும் என்றது இன்னொன்று. ஹிப்போவின் டால்பினுக்குக் கடல் தந்ததைச் சட்டம் வேலி கட்டித் தர முயன்றது. முயற்சி ஓர் ஆண்டுகூட நிற்கவில்லை. இடுப்பளவு நீரில் நின்று தொடும் நிகழ்ச்சிகளுக்கும் இவை பொருந்துமா என்ற சர்ச்சை கிளம்பி, 1999 ஏப்ரலில் விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதன்பின் நடைமுறைக்குத் திரும்பவில்லை. 2000ஆம் ஆண்டில் ஆர்லாண்டோவில் டிஸ்கவரி கோவ் திறந்தது. கடற்கரைக்குப் போக ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டிய உள்நாட்டு ஊரில், செயற்கை மணலும் உப்பிட்ட நீரும் பாறைகளுமாக ஒரு கடற்கரையைக் கட்டினார்கள். நாளுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு மட்டுமே அனுமதி, உள்ளே போனால் சாப்பாடு, துண்டு, நீச்சல் உடை எல்லாம் விலைக்குள் அடக்கம். கூட்டத்தைக் குறைத்து விலையை ஏற்றுவது புதிய உத்தி. அரங்கத்தில் ஐயாயிரம் பேரோடு கை தட்டுவது மலிவு; எட்டுப் பேர் கூட்டத்தில் ஒருவராக நின்று தொடுவது பிரத்தியேகம்.

இங்கே நம் கணக்குக்கு உதவும் ஒரு விவரம் இருக்கிறது. இந்தப் பூங்கா இரண்டு வகைச் சீட்டு விற்கிறது. ஒன்றில் டால்பின் நீச்சல் உண்டு, மற்றொன்றில் இல்லை. இரண்டு சீட்டுக்காரருக்கும் அதே சாப்பாடு, அதே வெதுவெதுப்பான செயற்கை ஆறு, அதே பவளப்பாறைக் குளம், அதே திருக்கை மீன்கள், அதே பறவைக் கூடம். ஆகவே இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் டால்பினோடு கழியும் அந்த அரை மணி நேரத்தின் விலை. அந்த அரை மணியிலும் பயிற்சியாளர் பேசும் நேரம், முறை வரும்வரை காத்திருக்கும் நேரம், படம் எடுக்கும் நேரம் போக, ஒருவருக்கு டால்பினோடு கிடைப்பது சில நிமிடங்கள். இது போன்ற பெரும்பாலான இடங்களில் புகைப்படத்துக்குத் தனிக் கட்டணம். நாள் முழுவதும் நன்றாக இருந்தது, காசுக்கு வஞ்சகமில்லை என்று திரும்பி வந்தவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நன்மையில் பெரும்பகுதி டால்பின் இல்லாத சீட்டிலும் கிடைத்திருக்கும். வாங்குபவரின் லாப நட்டம் என்ற குறுகிய கணக்கிலேயே கூட டால்பின் நீச்சல் தடுமாறுகிறது.

இந்த இடத்தில் முதல் மறுப்பு வரும்: இன்றைய டால்பின்கள் கடலில் பிடித்தவை அல்ல, குளத்திலேயே பிறந்தவை, அவற்றுக்குக் கடலே தெரியாது. அமெரிக்காவைப் பொறுத்தவரை இதில் பெருமளவு உண்மை உண்டு. 1980களின் இறுதிக்குப் பிறகு அங்கே காட்சிக்காகக் கடலில் டால்பின் பிடிப்பது பெரும்பாலும் நின்றுபோயிற்று. ஆனால் தமிழர்கள் குடும்பத்தோடு போகும் இடங்கள் ஆர்லாண்டோவைவிட துபாயும் சிங்கப்பூரும்தான். அங்கே வரலாறு வேறு. துபாயின் பனைத் தீவில் 2008இல் திறந்த விடுதிக்காக, 2007 அக்டோபரில் சாலமன் தீவுகளிலிருந்து 28 டால்பின்களை விமானத்தில் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரின் செந்தோசாவில் உள்ள கடல்வாழ் பூங்காவுக்கும் அதே சாலமன் தீவுகளிலிருந்துதான் வாங்கினார்கள். அவற்றில் இரண்டு 2010இல் லங்காவியில் இறந்தன, இன்னொன்று 2012 நவம்பரில் பிலிப்பீன்ஸிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் விமானத்திலேயே இறந்தது. இவை நம் கடலுக்கு அந்நியமான விலங்குகளும் அல்ல. சாலமன் கடலில் பிடிபட்ட அந்த இந்தோ-பசிபிக் புட்டிமூக்கு டால்பின் மன்னார் வளைகுடாவிலும் நீந்துகிறது. தமிழ்ப் பரதவர் ஓங்கில் என்று அழைப்பவற்றில் அதுவும் ஒன்று.

சாலமன் தீவுகளின் பெயர் இந்த வணிகத்தில் ஏன் வருகிறது என்பது தனிக் கதை. அங்கே மலைட்டா தீவில் டால்பின் பல் நெடுங்காலமாகப் பணம் போன்றது. மாலையாகக் கோத்த பற்கள் பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசப் பொருள். படகுகளில் போய், கற்களைத் தட்டி ஒலியெழுப்பி, கூட்டத்தையே கரைக்கு ஓட்டிவந்து கொல்வது பழைய வழக்கம். 2003இல் மெக்சிகோவின் கன்கூனுக்கு உயிருள்ள டால்பின்களை ஏற்றுமதி செய்தபோது பல்லின் இடத்தில் டாலர் நுழைந்தது. ஜப்பானின் தாய்ஜி கிராமத்திலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. 1969இல் அங்கே திமிங்கில அருங்காட்சியகம் திறந்தபோது, காட்சிக்கு உயிரோடு டால்பின் வேண்டுமென்பதற்காகவே கூட்டமாக ஓட்டிப் பிடிக்கும் வேட்டையை முறைப்படுத்தினார்கள். இறைச்சிக்குப் போகும் டால்பினைவிடக் காட்சிக்குப் போகும் டால்பினுக்குப் பல மடங்கு விலை கிடைப்பதால், வேட்டைக்குப் பொருளாதாரத் தாங்கலாக இருப்பது தட்டு அல்ல, தொட்டி. 2015இல் உலக உயிர்க்காட்சியகச் சங்கம் உறுப்புரிமையை நிறுத்தி வைத்த பிறகே, ஜப்பானிய உயிர்க்காட்சியகச் சங்கம் தன் உறுப்பினர்கள் தாய்ஜியில் வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தது. ஆகவே குளத்தில் பிறந்தது என்ற பதில் கேட்டவுடன் திருப்தியடையக் கூடாது. எந்தக் குளம், அதன் தாய் எந்தக் கடல் என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: நன்றாகப் பராமரித்தால் அவை நீண்ட நாள் வாழ்கின்றனவே. இதற்குச் சான்று உண்டு. 1953இல் மரீன் ஸ்டுடியோஸில் பிறந்த நெல்லி என்ற டால்பின் 2014இல் தன் 61ஆம் வயதில்தான் இறந்தது. கடலில்கூட எல்லா டால்பினும் அந்த வயதை எட்டுவதில்லை. நல்ல வசதியுள்ள கூடங்களில் டால்பினின் ஆயுள் முன்பைவிடக் கூடியிருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயுளின் நீளம் ஒரு கேள்விக்கான பதில். வாழ்க்கையின் வகை வேறு கேள்வி. ஃப்ளோரிடாவின் சாரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் தலைமுறை தலைமுறையாக ஒரே டால்பின் சமூகத்தை ஆய்வு செய்துவருகிறார்கள். தாயோடு குட்டி பல ஆண்டுகள் இருப்பதும், ஆண்கள் இணைபிரியா நட்பாக இருவர் இருவராக வாழ்வதும், யாரோடு சேர்வது யாரை விட்டு விலகுவது என்பதை ஒவ்வொன்றும் நாள்தோறும் மாற்றிக்கொள்வதும் அங்கே பதிவாகியிருக்கின்றன. சேர்வதும் விலகுவதும்தான் அந்த வாழ்க்கையின் உயிர்நாடி. குளம் வயதைத் தரலாம். இதைத் தர அதனால் முடியாது.

தொட்டுப் பார்த்தால்தான் அன்பு வரும், அன்பு வந்தால்தான் பாதுகாப்பு வரும் என்பது மூன்றாவது மறுப்பு. வரலாற்றில் இதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஃப்ளிப்பரைப் பார்த்து வளர்ந்த நாடுதான் 1972இல் கடல் பாலூட்டிகளுக்குச் சட்டம் போட்டது. அந்தக் கடனை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அன்பு ஏற்கெனவே வந்துவிட்டது. இன்று நீச்சலுக்குச் சீட்டு வாங்குபவர் டால்பினை வெறுத்து வருபவரல்ல, நேசித்துத்தான் வருகிறார். அவரை மேலும் நேசிக்க வைக்கிறேன் என்பது வியாபாரப் பேச்சு. இன்னொரு பக்கம் பாருங்கள்: பிரிட்டனில் 1970களில் முப்பது அளவில் டால்பின் கூடங்கள் இருந்தன. பொதுமக்கள் எதிர்ப்பும் கடுமையான பராமரிப்பு விதிகளும் சேர, 1993இல் கடைசிக் கூடமும் மூடியது. அதனால் பிரிட்டன் மக்களுக்குத் திமிங்கிலங்கள்மேலும் டால்பின்கள்மேலும் இருந்த அக்கறை குறைந்துவிடவில்லை. இந்தியா 2013 மே மாதத்தில் டால்பின் கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. அதற்கு முன்பே ஒரு பாடம் நம் வாசலில் நடந்திருந்தது: 1990களின் இறுதியில் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவுக்காகப் பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களுக்குள் இறந்துபோயின. வங்கக் கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

சிகிச்சை என்ற பெயரில் வரும் வாதத்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம். நோயுற்ற, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு டால்பின் நீச்சல் மருந்தாகும் என்ற நம்பிக்கைக்கு 1970களில் வித்திட்டவர்களில் ஒருவர் ஃப்ளோரிடாவின் மானிடவியலாளர் பெட்சி ஸ்மித். அவரே பிற்காலத்தில் அந்த முறையைக் கைவிட்டு எதிர்த்துப் பேசினார். லோரி மரினோ, ஸ்காட் லிலியன்ஃபெல்ட் இருவரும் 1998இலும் 2007இலும் அதற்கு ஆதரவாகக் காட்டப்பட்ட ஆய்வுகளைப் பிரித்து ஆராய்ந்து, அவற்றின் முறைகளே குறையுடையவை, நிலைத்த பலனுக்குச் சான்று இல்லை என்று காட்டினார்கள். புதிய சூழல், வெதுவெதுப்பான நீர், எல்லோருடைய கவனமும் தன்மேல் இருப்பது ஆகியவையே ஒரு குழந்தையை மகிழ்விக்கப் போதும். பிள்ளைக்காக எதையும் செய்யத் தயாராக இருக்கும் பெற்றோரிடம் மிக அதிக விலைக்கு விற்கப்படுவதும் இந்த வகைச் சீட்டுதான் என்பதால், இங்கே ஏமாற்றம் பணத்தோடு நிற்பதில்லை.

அப்படியானால் குளத்தை விட்டுவிட்டுக் கடலிலேயே நீந்தலாமே என்பது எஞ்சிய கேள்வி. விலகும் உரிமைதான் அளவுகோல் என்றால், கடலில் அது இருக்கத்தானே செய்கிறது? இருக்கிறது, ஆனால் அதற்கும் விலை உண்டு. ஹவாயில் சுழல் டால்பின்கள் இரவில் ஆழ்கடலில் இரை தேடிவிட்டுப் பகலில் கரையோர விரிகுடாக்களில் உறங்க வருகின்றன. பகலில்தான் சுற்றுலாப் படகுகளும் வரும். உறக்கம் கெட்ட டால்பின் விலகிப் போகும். ஆனால் அது விலகுவது தன் படுக்கையை விட்டு. அதனால் 2021இல் அமெரிக்க அரசு அவற்றை ஐம்பது கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்று விதித்தது. நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில், இருபது ஆண்டுகளில் வந்துபோகும் டால்பின்களின் எண்ணிக்கை மூன்றில் ஒன்றாகச் சுருங்கியபின், 2019இல் புட்டிமூக்கு டால்பின்களோடு நீந்துவதற்கே தடை வந்தது. அவற்றை நேசித்தவர்களின் நெரிசல் அங்கே தொல்லையாக மாறியிருந்தது. ஹிப்போவின் அதிகாரிகள் கூட்டத்தை நினைவுபடுத்தும் காட்சி இது. தொலைவில் படகை நிறுத்தி, வந்தால் பார்ப்பது, வராவிட்டால் திரும்புவது என்பதுதான் மிஞ்சும் வழி. அது மலிவானது, காட்சிக்கு உத்தரவாதம் இல்லாதது. உத்தரவாதம் இல்லாமையே அதன் மதிப்பு.

ஆகவே அந்தச் சீட்டை வாங்கலாமா என்பதற்கு என் பதில், பூங்காவுக்குப் போகலாம், டால்பின் சீட்டு வேண்டாம் என்பதே. நான் வாங்காவிட்டால் அடுத்தவர் வாங்குவார், அந்த டால்பின் நாளையும் அங்கேதான் இருக்கப் போகிறது என்று சொல்லலாம். உண்மைதான், குளத்தில் பிறந்து வளர்ந்ததைக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட முடியாது. ஆனால் இன்று விற்கும் சீட்டு இன்றைய டால்பினுக்கான தீனி மட்டுமல்ல, அடுத்த குட்டியை ஈன வைப்பதற்கான முதலீடும்கூட. கனடா 2019இல் டால்பின்களையும் திமிங்கிலங்களையும் சிறைவைப்பதற்குச் சட்டத்தால் முற்றுப்புள்ளி வைத்தபோது, இருப்பவை தம் ஆயுள்வரை பராமரிப்பில் இருக்கலாம், புதியவை கூடாது என்றே வரையறுத்தது. எங்கேனும் நிறுத்தியாக வேண்டும் என்றால் நிறுத்தத்தக்க இடம் அதுதான். அரசு நிறுத்தாத இடங்களில் வாங்குபவர் நிறுத்தலாம்.

ஹிப்போவின் பெரியவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். விருந்தினருக்கான செலவு, போன அமைதி, கரைந்த கஜானா என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அந்த விளையாட்டு கட்டுப்படியாகாது என்று சரியாகவே கண்டுகொண்டார்கள். தொகையை யாரிடம் வசூலிப்பது என்பதில்தான் தவறினார்கள். அதன்பின் வந்த வியாபாரம் கொலையை விட்டுவிட்டு வேலியைப் போட்டது. ஆனால் வசூல் அதே இடத்திலிருந்துதான். டால்பின் இல்லாத சீட்டை வாங்கி, வித்தியாசத்தைப் பையில் வைத்துக்கொள்பவர் இழப்பது சில நிமிடங்களும் தனிக் கட்டணத்தில் கிடைக்கும் ஒரு புகைப்படமும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடலில் போகும் படகின் முன்னால் ஓங்கில் கூட்டம் துள்ளிக்கொண்டு ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. எந்த நாள் எது என்று முடிவு செய்வது படகில் இருப்பவர் அல்ல.